ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: புது பிசியில் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

மாதக்கணக்கில் பார்ட்ஸ் தேடி, விலை இறங்கக் காத்திருந்து, ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிசியைக் கட்டி முடித்தாயிற்று. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன்கள் சுற்றுகின்றன, விளக்குகள் கலர் கலராக எரிகின்றன, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. சொந்தமாக பிசி கட்டும் ஆசை உள்ளவர்கள் எல்லோரும் ஒரு நாளாவது வந்து நிற்கும் இடம் இது. வயிற்றைக் கலக்கும், போட்ட பணமெல்லாம் போச்சா என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். புது பிசியில் டிஸ்ப்ளே வராமல் போவதற்கு, பார்ட் செத்துப்போவதைவிட ஏதோ ஒன்று சரியாக உட்காராமல் இருப்பதுதான் அடிக்கடி காரணம்.

தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராமையும் கேபிளையும் சேர்த்து மாற்றி டிஸ்ப்ளே வந்துவிட்டால், எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். பத்து நாள் கழித்து அதே கோளாறு திரும்பும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தாளில் எழுதிக்கொண்டே போங்கள்: எதை மாற்றினோம், எந்த விளக்கு எரிந்தது, எத்தனை நிமிடம் காத்திருந்தோம். பிறகு கடைக்காரரிடம் வாரண்டி கேட்கப் போகும்போது இந்தத் தாள் பெரிய பலம்.

ஒரு சொல் விளக்கம்: நம்மூரில் கேபினெட் முழுவதையுமே சிபியு என்று சொல்லும் வழக்கம் இருப்பதால், இங்கே சிப்பை பிராசசர் என்றே எழுதுகிறோம்.

கை வைக்கும் முன் எர்த்

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று லேசாக ஷாக் அடிக்கிறதா? அது பிசியின் கோளாறு அல்ல, வீட்டு வயரிங்கின் கோளாறு. பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உறைக்குச் சிறிய கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாத இடத்தில் கேபினெட் நம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினால் போர்ட்டே போகக்கூடும்.

பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட் அளவில் வைத்துப் பாருங்கள். லைனுக்கும் எர்த்துக்கும் இடையே, லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வருகிற அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிசியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மல்டிமீட்டர் பழக்கம் இல்லாதவர்கள் இந்தச் சோதனையையும் அவரிடமே விட்டுவிடலாம்.

உள்ளே கை வைக்கும் ஒவ்வொரு முறையும் சுவர் ஸ்விட்சை அணைத்து, பவர் கார்டைக் கழற்றி, பிசியின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் சார்ஜ் இறங்கிவிடும். மதர்போர்டில் எந்த விளக்கும் எரியாதபோதுதான் ராமையோ கிராபிக்ஸ் கார்டையோ பிடுங்கலாம்.

வெளியே பார்க்க வேண்டியவை

மானிட்டரின் இன்புட் சரியான போர்ட்டுக்கு மாறியிருக்கிறதா? டிஸ்ப்ளேபோர்ட்டில் வரவில்லையென்றால் எச்டிஎம்ஐ போட்டுப் பார்த்தீர்களா? கேபிள் எந்தப் பக்கம் சொருகியிருக்கிறது? தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் கார்டில்தான் போக வேண்டும், மதர்போர்டில் அல்ல.

கார்டு இல்லாமல் ஓட்ட நினைப்பவர்கள் பிராசசரின் பெயரை முழுதாகப் படிக்க வேண்டும். இன்டெல் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அதில் டிஸ்ப்ளே பகுதி கிடையாது. ஏஎம்டியின் ரைசன் 5 5600ல் கிடையாது, 5600ஜியில் உண்டு. ரைசன் 7000 வரிசையில் சின்னதாக ஒன்று உண்டு. 7500எஃப் போலப் பெயரின் கடைசியில் ‘எஃப்’ உள்ளவை விலக்கு. மதர்போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை இருப்பதாலேயே படம் வந்துவிடாது.

காத்திருங்கள், உண்மையாகவே

ஏஎம்5 சாக்கெட்டும் (ரைசன் 7000 முதலான பிராசசர்கள் உட்காரும் இடம்) டிடிஆர்5 ராமும் உள்ள பிசி முதல் முறை ஆன் ஆகும்போது, ராமோடு பேசும் நேர இடைவெளிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து அமைத்துக்கொள்ளும். மெமரி ட்ரெயினிங் என்பது அதுதான். சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். நடுவில் தானாக அணைந்து மறுபடி ஆன் ஆனாலும் ஆகலாம். ராம் அதிகமாக இருந்தால், குறிப்பாக நாலு ஸ்டிக் போட்டிருந்தால், இன்னும் நேரம் எடுக்கும். முப்பது விநாடியில் பொறுமை இழந்து பவரை அணைத்தால் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நன்றாக இருந்த போர்டைச் செத்ததென்று திருப்பிக் கொடுப்பதும் இப்படித்தான் நடக்கிறது. முழுதாகப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பயாஸை (பிசியை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) ரீசெட் செய்தாலோ ராமை மாற்றினாலோ இந்தக் காத்திருப்பு திரும்பவும் வரும்.

மதர்போர்டு சொல்வதைப் படியுங்கள்

இன்றைய பல போர்டுகளில், எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கேபிள் சொருகும் 24 பின் கனெக்டருக்குப் பக்கத்தில் நாலு சின்ன விளக்குகள் இருக்கும்: சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் ஏறும் டிஸ்க்). ஆன் ஆனதும் வரிசையாக மின்னும். எதில் நிலைத்து நிற்கிறதோ அந்த இடத்தில் சோதனை தடைப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பார்ட் செத்துவிட்டது என்று பொருள் அல்ல; சிபியு விளக்கு நிற்பதற்குப் பழைய பயாஸும் காரணமாகலாம், டிராம் விளக்கு நிற்பதற்கு பிராசசர் சாக்கெட்டில் வளைந்த ஒரு பின்னும் காரணமாகலாம். டிராம் விளக்கு மஞ்சளில் நின்றால், மேலே சொன்ன ட்ரெயினிங் நடக்கிறதா என்று முதலில் காத்திருந்து பாருங்கள்.

இரண்டு எழுத்து காட்டும் டிஸ்ப்ளே உள்ள விலையுயர்ந்த போர்டுகளில் குறியீடுகளின் பட்டியல் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். 55 என்றால் ராம் இல்லை அல்லது தெரியவில்லை. டி6 என்றால் படம் காட்ட எந்தச் சாதனமும் கிடைக்கவில்லை. விளக்கே இல்லாத மலிவு போர்டு என்றால் நாலு பின் உள்ள குட்டி ஸ்பீக்கர் ஒன்று வாங்கி ஃப்ரன்ட் பேனல் பின்களில் மாட்டுங்கள். பீப் சத்தத்தின் கணக்கு பயாஸுக்கு பயாஸ் மாறும் என்பதால் அதையும் மேனுவலோடு ஒப்பிட வேண்டும்.

பிராசசருக்குத் தனி கேபிள்

24 பின் மட்டும் மாட்டிவிட்டு, போர்டின் மேல் இடது மூலையில் உள்ள 8 பின்னை மறந்துவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், பிராசசருக்குக் கரண்டே போயிருக்காது. இந்த 8 பின் 4+4 ஆகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் 6+2 ஆகப் பிரியும். இரண்டையும் கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: எந்தக் குழி சதுரம், எந்தக் குழி மூலை மழுங்கியது என்பதில் வித்தியாசம் தெரியும். உள்ளே 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். பலவந்தமாக அழுத்தி ஒன்றின் இடத்தில் மற்றதைச் சொருகினால் நேரடி ஷார்ட். நல்ல எஸ்எம்பிஎஸ் உடனே அணைந்து தன்னைக் காத்துக்கொள்ளும்; மட்டமானது காத்துக்கொள்ளாது.

இதைவிட மோசமான ஒன்று: மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸின் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை) கேபிளை வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸில் போடுவது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி, ஏன், ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடலே மாறும். கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் அந்த நொடியே எரிந்துபோகும். உள்ளே இருக்கும் போட்டோக்களும் போகும். பழைய கேபிள் அழகாக இருக்கிறதென்று எடுத்துப் போடாதீர்கள்.

ராம்: பாதி வழக்கு இங்கேயே முடியும்

எல்லா ஸ்டிக்கையும் கழற்றி, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு ஸ்லாட் உள்ள போர்டில், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்தான் முதல் தேர்வு. போர்டில் அது ஏ2 என்று இருக்கும். இரண்டு ஸ்டிக் என்றால் இரண்டாவதும் நாலாவதும்.

பல போர்டுகளில் லாட்ச் ஒரு பக்கம் மட்டும்தான் திறக்கும். அசையாத பக்கத்தை முதலில் அழுத்தி இறக்கி, பிறகு லாட்ச் பக்கத்தை அழுத்த வேண்டும். அசையாத பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றாலும், லாட்ச் ‘டக்’கென்று மூடிக்கொள்ளும், மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அதனால் கண்ணை ஸ்லாட்டின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். தங்க நிறக் கோடுகள் ஒரு முனையில் அதிகமாகவும் மறுமுனையில் குறைவாகவும் தெரிந்தால் ஸ்டிக் சாய்ந்திருக்கிறது. இரண்டு முனையிலும் அழுத்தத் தேவைப்படும் பலம் புதியவர்கள் நினைப்பதைவிட அதிகம். போர்டு லேசாக வளைவதைப் பார்த்துப் பயந்து பாதியில் விட்டுவிடுவதால்தான் இவ்வளவு டிராம் விளக்குகள் எரிகின்றன.

ஒரு ஸ்டிக்கை எல்லா ஸ்லாட்டிலும், பிறகு அடுத்த ஸ்டிக்கை எல்லா ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். ஸ்டிக்கோடு சேர்ந்தே கோளாறு நகர்ந்தால் ஸ்டிக்தான் பிரச்சினை. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் வரவில்லையென்றால் போர்டு, சாக்கெட் பின், அல்லது கூலரின் அழுத்தம். பழைய ஸ்டிக்கின் தங்கக் கோடுகள் மங்கியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு இல்லாத துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். பென்சில் ரப்பர் போட்டுத் தேய்ப்பது நம்மூர் சர்வீஸ் கடைகளில் பழக்கம். அதிகம் தேய்த்தால் தங்கப் பூச்சு போய்விடும், ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழும்.

பயாஸ்

முதலில் ரீசெட். பவர் கார்டைக் கழற்றி, போர்டில் ‘கிளியர் சிமாஸ்’ என்று குறித்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் பத்து விநாடி சேர்த்துப் பிடியுங்கள். பின் தெரியவில்லையென்றால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பெரிய கிராபிக்ஸ் கார்டு பேட்டரியை மறைத்திருக்கும்; கார்டை எடுத்துவிட்டுத்தான் எட்ட முடியும்.

அதற்கும் மசியவில்லை, சிபியு விளக்கும் எரிகிறது என்றால், போர்டு பிறந்தபோது பிராசசர் பிறந்திருக்கிறதா என்று பாருங்கள். பி450 போர்டு வந்தது 2018ல், ரைசன் 5000 வந்தது 2020 நவம்பரில். பி650 வந்தது 2022 அக்டோபரில், ரைசன் 9000 வந்தது 2024 ஆகஸ்டில். இன்டெல் பி660 போர்டில் 12ஆம் தலைமுறை உடனே ஓடும். பழைய பயாஸோடு கடையில் கிடந்த போர்டு என்றால் 13ம் 14ம் ஓடாது. சாக்கெட் பொருந்துவதால் எல்லாம் பொருந்தும் என்று நினைத்து மாட்டிக்கொள்ளும் இடம் இது.

போர்டில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் பிராசசர் இல்லாமலேகூட அப்டேட் செய்யலாம். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவான பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, மேனுவல் சொல்லும் பெயரில் ஃபைலைப் போட்டு, அதற்கென்று குறித்த யுஎஸ்பி போர்ட்டில் சொருகி, பட்டனை மூன்று விநாடி அழுத்துங்கள். ஃபைல் பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் விளக்கு சில தடவை மின்னி நின்றுவிடும். சரியாக ஓடினால் பொதுவாக ஐந்து முதல் பத்து நிமிடம். நடுவில் கரண்ட் போனால் பயாஸ் பாழ், ஆகவே யுபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள். பட்டன் இல்லாத போர்டை, வாங்கிய கடையிலேயே பழைய பிராசசர் போட்டு அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

கேபினெட்டை விட்டு வெளியே எடுத்து ஓட்டுதல்

இதுவரை பலன் இல்லையென்றால், மதர்போர்டை வெளியே எடுத்து அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், 24 பின், 8 பின். பிராசசரில் டிஸ்ப்ளே இருந்தால் கிராபிக்ஸ் கார்டுகூட வேண்டாம். பவர் பட்டனுக்குப் பதில் ‘பவர் ஸ்விட்ச்’ பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவரால் ஒரு நொடி தொட்டு எடுங்கள்.

இப்படி ஓடினால் கோளாறு கேபினெட்டில். பெரும்பாலும் ஸ்டாண்ட்ஆஃப், அதாவது போர்டைத் தாங்கும் குட்டித் தூண்: போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் நின்றுகொண்டு போர்டின் பின்பக்கச் சால்டரைத் தொட்டு ஷார்ட் செய்துகொண்டிருக்கும். முழு ஏடிஎக்ஸ் போர்டுக்குப் போட்ட கேபினெட்டில் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைப் பூட்டும்போது இது நடக்கும். பட்டனைத் தட்டியதும் ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிடுவது இதன் அடையாளம். பவர் பட்டனே வேலை செய்யவில்லை, பின்களைத் தொட்டால் ஓடுகிறது என்றால், ஃப்ரன்ட் பேனல் வயர் இடம் மாறியிருக்கிறது.

எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறதா

போர்டிலிருந்து எல்லாக் கேபிளையும் கழற்றி, 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து ஆன் செய்யுங்கள். எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் 16ஆவது பின்தான் பச்சை. கேபினெட் ஃபேன் ஒன்றை மாட்டி வையுங்கள். லோடு குறைவாக இருக்கும்போது தன் ஃபேனைச் சுற்றாத எஸ்எம்பிஎஸ் மாடல்கள் உண்டு, அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் வயர் 11.4க்கும் 12.6க்கும் இடையே, 5 வோல்ட் வயர் 4.75க்கும் 5.25க்கும் இடையே இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் தோற்றால் எஸ்எம்பிஎஸ் போச்சு என்று உறுதி. தேறினால் நன்றாக இருக்கிறது என்று உறுதியல்ல, லோடு ஏறும்போது சரியும் கேஸ்களும் உண்டு. எந்த நிலையிலும் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். பவர் கார்டைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும்.

சாக்கெட்டும் கூலரும்

இன்டெல்லிலும் ஏஎம்5லும் பின்கள் போர்டில் இருக்கின்றன. பிராசசரை எடுத்துவிட்டு, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து சாக்கெட்டைப் பாருங்கள். பின் முனைகள் எல்லாம் நட்ட நாற்று மாதிரி ஒரே வரிசையில், ஒரே அளவு மின்ன வேண்டும். டார்ச்சை மெல்ல நகர்த்தும்போது மின்னல் அலையாக ஓடும். எங்கே ஒரு புள்ளி இருண்டோ திசை மாறியோ தெரிகிறதோ அங்கே பின் வளைந்திருக்கிறது. நாலு திசையிலிருந்தும் பார்த்து, கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைப்பது அரிது. அதனால்தான் கடையிலேயே பெட்டியைத் திறந்து சாக்கெட்டைப் படம் எடுத்துவிட வேண்டும், சாக்கெட் மூடியையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மூடி இல்லாமல் போர்டைத் திருப்பி வாங்க மறுப்பார்கள்.

ரைசன் 5000 வரையிலான ஏஎம்4 சாக்கெட்டில் பின்கள் பிராசசரில். கூலரை நேராக மேலே இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். பிசி ஓடுகிற நிலையில் இருந்தால் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, பவர் கார்டைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாகத் திருகியபடி எடுங்கள்.

கூலர் ஸ்க்ரூவை ஒரு மூலையில் முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பிராசசர் ஒரு பக்கம் அழுந்தி, மறுபக்கப் பின்கள் தொடாமல் நிற்கும். இரண்டு ராமில் ஒன்று மட்டும் தெரிவது இதனால் வரும். ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, எதிரெதிர் மூலைகளாக அரை அரைச் சுற்று கொடுத்து இறுக்கிப் பாருங்கள். காசில்லாமல் தீரும் கோளாறு. இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறைக்கான எல்ஜிஏ1700 சாக்கெட்டில் கான்டாக்ட் ஃப்ரேம் (பிராசசர் வளையாமல் பிடிக்கும் சட்டம்) போட்டவர்களும் அதைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு

ஸ்லாட் 75 வாட் தரும், ஒரு 8 பின் கேபிள் 150 வாட். கேபிளை மறந்தால் கார்டு பெரும்பாலும் படம் காட்டாது. புது 16 பின் கனெக்டரைக் ‘க்ளிக்’ வரும்வரை அழுத்தி, கார்டுக்கும் பிளக்குக்கும் நடுவே இடைவெளி தெரியவே கூடாது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2022ல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இது உருகியதற்கு முழுதாகச் சொருகாதது ஒரு முக்கியக் காரணம். கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் போட்டவர்கள், ரைசர் பிசிஐஇ (கார்டு ஸ்லாட்டின் இணைப்பு முறை) மூன்றாம் தலைமுறையா என்று பாருங்கள். நாலாம் தலைமுறைக் கார்டோடு சேர்ந்தால் படம் வராமல் போகும். கார்டை நேராக ஸ்லாட்டில் போட்டு, பயாஸில் ஸ்லாட் வேகத்தை ஜென்3 ஆக்கிவிட்டு மறுபடி ரைசரில் மாட்டலாம்.

படம் வந்த பிறகு

எக்ஸ்எம்பி, எக்ஸ்போ எனப்படும், ராமை அதன் பெட்டியில் போட்ட முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்புகள் எதையும் உடனே போடாதீர்கள். முதலில் ராம் சாதாரண வேகத்தில் ஓடட்டும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐப் பென்டிரைவில் ஏற்றி ஓர் இரவு ஓடவிடுங்கள். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று இருந்தாலும் அந்த ராமை ஏற்காதீர்கள், பின்னால் விண்டோஸ் ஃபைல்களை ஓசையில்லாமல் கெடுக்கும். பிறகு எக்ஸ்எம்பி போட்டு இன்னொரு இரவு. முதல் இரவில் சுத்தமாக இருந்து இரண்டாவது இரவில் பிழை வந்தால், வேகத்தை ஒரு படி இறக்கி, 6000 என்றால் 5600 ஆக்கி, மறுபடி சோதியுங்கள். பழைய பெட்டிகளையும் பில்லையும் வாரண்டி முடியும்வரை பரணில் வையுங்கள். அந்தப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைத்தான் முதலில் கேட்பார்கள்.